கையில் திரண்ட உருண்டை: முதியவர்களுக்கு பைசெப்ஸ் தசைநாண் அறுந்தால் என்ன செய்வது?

தாராவியில் இட்லி வியாபாரிகளுக்கு மாவு அரைத்துக் கொடுக்கும் 68 வயது அண்ணாச்சி ஒருவருக்கு, போன மழைக்காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு மாவுக் குண்டானைத் தூக்கியபோது வலது தோளில் "பட்" என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற மருமகளுக்கும் கேட்டதாம். சுருக்கென்று ஒரு வலி, பிறகு தோள் முழுக்கச் சூடு. குண்டானை இறக்கி வைத்துவிட்டு இடது கையால் மிச்ச வேலையை முடித்திருக்கிறார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது தோளிலிருந்து முழங்கை வரை கத்தரிப்பூ நிறத்தில் இரத்தம் கன்றியிருந்தது. கையை மடக்கினால் முழங்கைக்குச் சற்று மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை. வீட்டார் அதைப் புற்றுநோய்க் கட்டி என்று நினைத்து அழுது முடித்திருந்தார்கள். அண்ணாச்சி மட்டும் என் பக்கம் குனிந்து, "சொன்னால் சிரிக்கக் கூடாது. இரண்டு வருடமாக இருந்த தோள் வலி இப்போது பாதிகூட இல்லை" என்றார்.

நான் சிரிக்கவில்லை. நைந்துகொண்டிருந்த தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு, ஒவ்வோர் அசைவிலும் இழுபட்டு வலித்துக்கொண்டிருந்தது. அறுந்தபின் இழுபட எதுவும் இல்லை. அந்த உருண்டையும் கட்டி அல்ல, பிடி விட்டுச் சுருண்ட பைசெப்ஸ் தசைதான். இது பலருக்கும் நடப்பதுதான்.

மும்பையில் மாட்டுங்கா, சயான், தாராவி வட்டாரத்தில் இருபது வருடங்களாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இந்த உருண்டையைப் பார்த்து மிரண்டு வருகிறவர்களிடமும், "வயசானால் அப்படித்தான்" என்று ஆறு வாரம் கழித்து வருகிறவர்களிடமும் நான் கேட்பது இரண்டே கேள்விகள்: எந்த முனை அறுந்தது? கூடவே வேறு எது கிழிந்தது? உருண்டை கண்ணை உறுத்தும், ஆனால் வைத்தியத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டும்தான்.

எங்கே அறுகிறது?

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நம் வீடுகளில் நரம்பு என்றால் இரத்தக் குழாயும் அதுதான், மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் இழையும் அதுதான், தசையை எலும்போடு கட்டும் கயிறும் அதுதான். இங்கே பேசப்போவது கடைசியாகச் சொன்ன கயிற்றைப் பற்றி. தசைநாண் என்பது அதன் பெயர். மருத்துவமனையில் டெண்டன் என்பார்கள்.

மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸுக்கு மேலே இரண்டு தசைநாண்கள், கீழே ஒன்று. மேலே உள்ளவற்றில் குட்டையானது மூட்டுக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது. அறுவது மிக அரிது. நீளமானது தோள்மூட்டுக்குள்ளேயே புறப்பட்டு, எலும்பின் தலைமேல் வளைந்து, ஒரு குறுகிய பள்ளம் வழியாகக் கீழே இறங்குகிறது. கிணற்றுக் கயிறு வருடக்கணக்கில் கல் விளிம்பின் ஒரே இடத்தில் உரசினால் அந்த இடத்தில்தான் புரி புரியாகப் பிரியும் அல்லவா, அதேபோல. பைசெப்ஸ் அறுதல்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இந்த நீளத் தசைநாணில்தான் நடக்கின்றன, பெரும்பாலும் ஐம்பது வயதுக்குப் பிறகு. கீழ்த் தசைநாண் முழங்கையைத் தாண்டி முன்கை எலும்பில் போய் ஒட்டுகிறது. அது அறுவது குறைவு. 40 முதல் 60 வயது ஆண்களிடம் அதிகம், அதற்கு மேலும் உண்டு. மடக்கிய கையில் இருக்கும் பாரம் திடீரென்று கையை நீட்டி இழுக்கும்போது அது போகிறது. ஓடத் தொடங்கிய லோக்கல் ரயிலின் கம்பியைப் பிடித்து எம்பியவர் ஒருவர், மூன்றாம் மாடிக்குக் கட்டில் ஏற்றும்போது கூட்டாளி கை நழுவவிட்டதால் முழுப் பாரமும் தன்மேல் வந்தவர் ஒருவர் என்று இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு செய்தி பலருக்கும் வியப்பாக இருக்கும். கையை மடக்குவதில் முக்கிய வேலை பைசெப்ஸுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வேறொரு தசையுடையது. பைசெப்ஸின் தனி வேலை உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது. வலது கையால் திருகாணியை இறுக்கும் திசை அது. அதனால்தான் அறுந்தவர்கள் "தூக்க முடிகிறது, ஆனால் பாட்டில் மூடி, பூட்டு, ஈரத் துணி என்றால் கை தோற்கிறது" என்கிறார்கள்.

முதல் படி: இது வேறு எதாவதா?

கை வலி என்று வருகிற முதியவரிடம் பைசெப்ஸைத் தேடுவதற்கு முன் இதயத்தை நினைக்க வேண்டும். அடிபடாமலே கையில், தோளில், தாடையில் வலி. வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், நெஞ்சில் பாரம் ஏதாவது கூட இருந்தால் 108-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். மேலே சொன்ன அண்ணாச்சிக்கு இது இடது கையில் நடந்திருந்தால் நானே முதலில் இ.சி.ஜி. எடுத்து வரச் சொல்லியிருப்பேன்.

கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றால் எலும்பு முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் வழுக்கி விழும் மூதாட்டிகளுக்குத் மேற்கை எலும்பு தோளருகே முறிந்து, பைசெப்ஸ் அறுந்தவர்களைப் போலவே முழங்கை வரை நீலம் பாரிக்கும். விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரின் கை நேரம் ஆக ஆகப் பருத்து இறுகினாலும் அப்படியே. அடியே படாமல் முழுக்கையும் வீங்கினால் இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். சத்தமோ கன்றலோ எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும் உருண்டை என்றால் அதைத் தசைநாண் கணக்கில் சேர்க்காமல் கட்டியாகவே கருதிப் பரிசோதிக்க வேண்டும். அந்த வீட்டார் பயந்ததில் முழுத் தவறில்லை.

இரண்டாம் படி: முதல் இரண்டு நாள்

மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை உடனே கழற்றுங்கள். இரத்தக் கன்றல் புவியீர்ப்பில் கீழே இறங்கும். மூன்றாம் நாள் விரல்கள் வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை வையுங்கள். முதியவர்களின் தோல் மெல்லியது, ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. மருந்துக் கடையில் ஆர்ம் பவுச் என்று கேட்டால் கழுத்தில் மாட்டும் கைத்தாங்கி கிடைக்கும். பருத்தித் துண்டைத் தூளிபோலக் கட்டினாலும் போதும்.

வலிக்கு பாரசிட்டமால். நாளொன்றுக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம். ஈரல் கோளாறு அல்லது குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதைவிடக் குறைவாக, மருத்துவரைக் கேட்டு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நம் ஆட்கள் கடலைமிட்டாய்போல வாங்கித் தின்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், இதய நோயாளிகள், இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் கடைக்காரர் பேச்சை நம்பி அதைத் தொடக்கூடாது.

பிறகு, நம் வழக்கப்படி, எண்ணெய். சுளுக்கு வழித்து விடுகிறவரை வீட்டுக்கே அழைத்து வந்து நல்லெண்ணெய் போட்டு நீவச் சொல்வார்கள். புதிதாக அறுந்த இடத்தை அழுத்தி நீவினால் கன்றல் பரவும், வலி கூடும், அறுந்தது ஒட்டாது. மூங்கில் பட்டை வைத்துக் கட்டும் கட்டும் வேண்டாம். அந்தப் பரம்பரை வைத்தியர்களின் மேல் எனக்குப் பகை இல்லை; ஆனால் முதியவரின் தோளை மூன்று வாரம் அசையாமல் கட்டினால், அதிலும் நீரிழிவு இருந்தால், மூட்டு இறுகிப் போய்விடும். அந்த இறுக்கத்தை அவிழ்க்க எனக்கு எட்டு மாதம் ஆகிறது. தூளியிலும் அதிக நாள் வேண்டாம். இரண்டாம் நாளே விரல்களையும் மணிக்கட்டையும் ஆட்டத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: மேல் முனையா, கீழ் முனையா?

நல்ல வெளிச்சத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் தலைமேல் கோத்து வைத்து மெதுவாக அழுத்தச் சொல்லி, இரு மேற்கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தளர்ந்த தோலிலும் பருத்த கையிலும் கை தொங்கும்போது தெரியாத வேறுபாடு இந்த நிலையில் தெரிந்துவிடும். உருண்டை முழங்கைப் பக்கமாகச் சரிந்து தோளருகே பள்ளம் இருந்தால் மேல் முனை அறுந்திருக்கிறது. உருண்டை தோள்பக்கமாக ஏறிக்கொண்டு முழங்கை மடிப்புக்கு மேலே வெறுமையாக இருந்தால் கீழ் முனை. கன்றல் எங்கே கூடுதல் என்பதையும் பாருங்கள்: மேற்கையில் என்றால் பெரும்பாலும் மேல் முனை, முழங்கை மடிப்பிலும் முன்கையின் உள்பக்கத்திலும் என்றால் கீழ் முனை.

கீழ் முனைக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். நோயாளி கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையைத் தன் முகத்தைப் பார்த்து வைக்கிறார். பரிசோதிப்பவர் தன் சுட்டுவிரலைக் கொக்கிபோல வளைத்து, முழங்கை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே விட்டுத் தசைநாணின் அடியில் மாட்ட முயல்கிறார். நல்ல கையில் விறைத்த கயிறு ஒன்று விரலில் மாட்டும், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகும். அறுந்த கையில் மாட்ட எதுவும் இருக்காது. வெளிப்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும். உள்பக்கத்திலிருந்து போட்டால் அங்கே உள்ள வேறொரு பட்டை விரலில் சிக்கி, எல்லாம் சரியாக இருப்பதாக ஏமாற்றும். முதலில் நல்ல கையில் செய்து பழகிக்கொண்டு பிறகு மற்றதற்கு வாருங்கள். கயிறு மாட்டுகிறது, ஆனால் இழுத்தால் துடிக்கிறார் என்றால் பாதிக் கிழிசலாக இருக்கலாம். பெண்களுக்குக் கீழ் முனை முழுதாக அறுவது அரிது. வருகிறவர்களுக்குப் பாதிக் கிழிசலே அதிகம்.

வீட்டில் இதைச் செய்து பார்ப்பது மருத்துவரிடம் போவதைத் தவிர்ப்பதற்காக அல்ல, எவ்வளவு அவசரமாகப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. கீழ் முனை என்று சந்தேகம் வந்தால் அந்த வாரத்துக்குள் எலும்பு அறுவை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

நான்காம் படி: கூடவே வேறு எது கிழிந்தது?

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் தசைநாண்கள் சேர்ந்து சட்டைக் கஃப் போல ஓர் உறை இருக்கிறது. ரொட்டேட்டர் கஃப் என்பது அதற்கு வழங்கும் பெயர். வயதானவருக்கு பைசெப்ஸின் மேல் முனை தானாக அறுகிறது என்றால் அந்த உறையும் பெரும்பாலும் நைந்திருக்கும், பல சமயம் கிழிந்திருக்கும். எல்லோரும் உருண்டையையே பார்த்துக்கொண்டிருக்க, கையை உண்மையில் முடக்கப்போகும் கிழிசல் யாரும் கேட்காமல் உள்ளே இருக்கும்.

மாட்டுங்காவில் 72 வயது மாமா ஒருவர், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். தண்ணீர் வரும் காலை நேரத்தில் வாளி தூக்கியபோது மேல் முனை அறுந்தது. ஒரு மருத்துவமனையில் உருண்டையைக் காட்டி, "இதற்கு ஒன்றும் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். உருண்டையைப் பொறுத்தவரை அது சரியான பதில். ஆனால் அவரால் தலை சீவ முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. தோளைத் தனியாகச் சோதிக்க யாரும் முனையவில்லை. என்னிடம் வந்தபோது நான்கு மாதம் கடந்திருந்தது. உறையின் பெரிய தசைநாண் கிழிந்து பின்வாங்கியிருந்தது.

வீட்டிலேயே மூன்று அசைவுகளைப் பார்க்கலாம். கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த முடிகிறதா, இல்லை பொத்தென்று விழுகிறதா? முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கிவைத்து முன்கையை வெளிப்பக்கமாகத் தள்ளும்போது இரண்டு கைகளுக்கும் ஒரே பலம் இருக்கிறதா? உள்ளங்கையை வயிற்றில் வைத்து அழுத்தும்போது முழங்கை முன்னால் நிற்கிறதா, பின்னால் நழுவுகிறதா? மூன்றாவதில் தோற்றால் உறையின் முன்பக்கத் தசை சந்தேகத்துக்குரியது; பைசெப்ஸ் தசைநாணைப் பள்ளத்தில் பிடித்துவைக்க உதவுவது அதுதான். இடுப்பில் வேட்டியைச் செருகுவது, ரவிக்கையின் பின் கொக்கியை மாட்டுவது போன்ற வேலைகளில் திடீரென்று வந்த இயலாமையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுந்தோ இழுபட்டோ புதிதாகக் கிழிந்த உறையைச் சில வாரங்களுக்குள் தைத்தால் பலன் நன்றாக இருக்கும். நாள் போனால் தசை சுருங்கிக் கொழுப்பாக மாறும்.

கழுத்தையும் ஒரு முறை பாருங்கள். கழுத்துத் தண்டெலும்பில் நரம்பு அழுந்தினாலும் பைசெப்ஸ் பலவீனமாகும். ஆனால் அப்போது உருண்டை திரளாது, கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும்.

ஐந்தாம் படி: ஏன் அறுந்தது?

பீடி, சிகரெட், நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய், முடக்குவாதம், தோளில் மீண்டும் மீண்டும் போட்ட ஸ்டீராய்டு ஊசி இவையெல்லாம் தசைநாணை நைக்கும். இவற்றைப் பெரும்பாலான மருத்துவர்கள் கேட்டுவிடுவார்கள். நோயாளியே வாய்திறந்து சொல்ல வேண்டிய இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

முதலாவது, கடந்த சில மாதங்களில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என்று "ஃப்ளாக்சசின்" என முடியும் மருந்துகள் தசைநாண் அறுதலுக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அவற்றின்மேல் பதித்தது. 60 வயதைக் கடந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் கைக்கெட்டும் மருந்துகள் இவை. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுக்கும் பாட்டிக்கு யோசிக்காமல் எழுதிக் கொடுப்பார்கள். அதிகம் பாதிக்கப்படுவது குதிகால் தசைநாண், ஆனால் தோளும் தப்பவில்லை. மருந்து சாப்பிடும்போது தசைநாணில் வலியோ வீக்கமோ தொடங்கினால் அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் எழுதிக் கொடுத்தவரை அழைத்து மாற்று கேளுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைப் பையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது அரிதானது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். அமிலாய்டு என்னும் புரதம் இதயத்தசையில் படியும் ஒரு முதுமை நோய் உண்டு. அதே புரதம் தசைநாண்களிலும் படிகிறது. அந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு பைசெப்ஸ் அறுந்திருந்ததை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, பலருக்கு இதய நோய் தெரியவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. பைசெப்ஸ் அறுந்த எல்லோரும் இதய மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. பெரிய பாரம் எதுவும் தூக்காமல் அறுந்தது, இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போன வரலாறு உண்டு, படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்பவை ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

ஆறாம் படி: மருத்துவமனையும் படங்களும்

மும்பையில் நம் முதியவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். பாட்டி தமிழில் "நரம்பு அறுந்துவிட்டது" என்கிறார்; பேரன் இந்தியில் "நஸ்" என்று மொழிபெயர்க்கிறான். இந்தியிலும் நஸ் என்றால் நம் நரம்பைப் போலவே எல்லாமும்தான். கேட்கும் இளம் மருத்துவர் கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதிவிடுகிறார். எனவே பெயர் சொல்லாதீர்கள். எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது, எந்த இடத்தில், சத்தம் கேட்டதா, எந்த வேலை இப்போது முடியவில்லை என்று சொல்லுங்கள். முதல் நாளே கன்றலையும் உருண்டையையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் பத்து நாள் கழித்துக் கன்றல் மறைந்தபின் உதவும். சயான் மாநகராட்சி மருத்துவமனை, பரேல் கே.இ.எம். போன்ற கற்பிக்கும் மருத்துவமனைகளில் எலும்புப் பிரிவுக்குக் கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) எடுக்கும்போதே "திடீரென்று அறுந்தது, இத்தனை நாள் ஆயிற்று" என்று எழுதச் சொல்லுங்கள். நாள் கணக்கு முக்கியம்.

எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. முறிவு இல்லை என்று உறுதிசெய்ய அது வேண்டும். முழுதாக அறுந்ததைக் காட்ட அல்ட்ராசவுண்ட் போதும், செலவும் குறைவு: பள்ளத்தில் தசைநாண் இல்லாமல் வெறுமையாகத் தெரியும். ஆனால் எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. பாதிக் கிழிசலில் அது தடுமாறும். எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது பைசெப்ஸைவிட உறையைப் பார்ப்பதற்கு, அல்லது கீழ் முனையில் சந்தேகம் இருக்கும்போது. கீழ் முனைக்குக் குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டி, முழங்கையை மடக்கி வைத்து எடுக்கும் ஒரு முறை தசைநாணை முழு நீளத்துக்குக் காட்டும். முதுகு வலியுள்ள முதியவரால் அப்படிப் படுக்க முடியுமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

அறிக்கை வந்ததும் அதில் உள்ள "கிழிசல்", "தேய்மானம்" எல்லாவற்றையும் படித்துக் கலங்க வேண்டாம். அறுபதைக் கடந்த, வலியே இல்லாத பலரின் தோளைப் படமெடுத்தாலும் உறையில் கிழிசல் தெரியும். படத்தில் இருப்பதும் கையால் செய்ய முடியாததும் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி.

ஏழாம் படி: மேல் முனை அறுந்திருந்தால்

உறை நன்றாக இருக்கிறது, மேல் முனை மட்டும் போயிற்று என்றால் பெரும்பாலான முதியவர்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை. குட்டைத் தசைநாண் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தைக்காமல் விட்டால் உள்ளங்கையைத் திருப்பும் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். கையை மடக்கும் பலத்தில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே இழப்பு. உருண்டை அப்படியே நிற்கும். முதல் சில வாரங்கள் வேலை செய்யும்போது அதில் தசைப்பிடிப்பு வரும், பிறகு அடங்கும். உண்மையில், தோள் வலி தீராத முதியவர்களுக்கு அறுவை மருத்துவர்களே இந்தத் தசைநாணை வேண்டுமென்றே வெட்டிவிடுவதும் உண்டு.

கையை முறுக்கும் வேலையே பிழைப்பாக உள்ள தச்சர், குழாய் வேலைக்காரர், தீராத தசைப்பிடிப்பு உள்ளவர், எப்படியும் உறையைத் தைக்க வேண்டியவர் ஆகியோருக்கு அறுந்த முனையை மேற்கை எலும்பில் புதிதாகப் பொருத்தும் சிகிச்சை பொருந்தும். சில வாரங்களுக்குள் செய்தால் சுலபம். உறை தைக்கவே முடியாத அளவுக்குப் போய், கையைத் தூக்கவே இயலாத நிலையில், பந்தும் கிண்ணமும் இடம்மாற்றி வைக்கும் செயற்கைத் தோள்மூட்டு ஒரு வழி. அது தனிக் கதை.

மற்றவர்களுக்கு வைத்தியம் என் அறையில் நடக்கிறது. முதல் பத்து நாள்: குனிந்து, நல்ல கையை மேசையில் ஊன்றி, அடிபட்ட கையைக் கோயில் மணியின் நாக்குபோலத் தளர்வாக ஆட விடுவது, மறு கையின் துணையோடு முழங்கையை மடக்கி நீட்டுவது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒட்டவைத்து ஐந்து எண்ணுவது. இரண்டாவது வாரத்திலிருந்து துடைப்பக் கம்பை இரு கைகளால் பிடித்து நல்ல கையால் மற்றதை உயர்த்துவதும், சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றுவதும். சுவரில் பென்சிலால் தேதியோடு கோடு போடுங்கள். வீட்டுக்காரர் திட்டினால் பரவாயில்லை, அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்துத்தான் பலர் பயிற்சியை விடாமல் செய்கிறார்கள். நான்காவது வாரத்தில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அப்போதே நீளமான தோசைக் கரண்டியைக் காம்பின் நுனியில் பிடித்து, முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, உள்ளங்கை மேலே, பிறகு கீழே என்று மெதுவாகத் திருப்புவது. இழந்த பலத்துக்கு இதைவிட மலிவான கருவி நான் பார்த்ததில்லை. எட்டாவது வாரத்துக்குள் பெரும்பாலோர் வீட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். பலம் தேறப் பன்னிரண்டு வாரம்வரை ஆகும்.

பயிற்சியின்போது இழுவையும் லேசான வலியும் வரலாம். அன்றிரவு தூக்கம் கெட்டால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

எட்டாம் படி: கீழ் முனை அறுந்திருந்தால்

இங்கே நாள்களை எண்ண வேண்டும். கீழ் முனையைத் தைப்பதென்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள் தைப்பது நல்லது. நான்கு வாரம் கடந்தால் தசைநாண் மேலே சுருங்கிச் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும்; பிறகு உடலின் வேறு இடத்திலிருந்தோ தானமாகவோ பெற்ற தசைநாணை இணைக்க வேண்டியிருக்கும். ரயிலில் அறுந்தவரைத் தெருமுனை மருத்துவர் சுளுக்கு என்று சொல்லி ஆறு வாரம் கட்டுப்போட்டு வைத்திருந்தார். கட்டைப் பிரித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தைக்காமல் விட்டால் திருப்பும் பலத்தில் ஏறத்தாழ 40 சதவீதமும் மடக்கும் பலத்தில் 30 சதவீதமும் குறையும். இந்த எண்களைப் பார்த்து எல்லோரும் அறுவைக்கு ஓட வேண்டுமா? 80 வயது, இதயம் பலவீனம், அறுந்தது அதிகம் புழங்காத இடது கை, நாளெல்லாம் செய்வது பூசையும் செய்தித்தாளும் என்றால் பயிற்சியோடு விட்டுவிடுவது முழுக்க நியாயமான முடிவு. 62 வயதில் இன்னும் சரக்கு ஏற்றி இறக்குகிறவருக்கு அதே முடிவு அநியாயம். பிறந்த வருடத்தைவிடக் கைக்கு இருக்கும் வேலையைக் கேட்டு முடிவெடுக்கும் மருத்துவரை நம்புங்கள்.

சிகிச்சையின் பின்விளைவுகளில் அடிக்கடி வருவது முன்கையின் வெளிப்பக்கத் தோல் மரத்துப்போவது. பெரும்பாலும் சில மாதங்களில் தேறும். விரல்களை நீட்டும் நரம்பு பாதிக்கப்படுவது குறைவு, ஆனால் பெரிது. வேண்டாத இடத்தில் எலும்பு வளர்ந்து கையைத் திருப்ப முடியாமல் போவதும் உண்டு. ஒரே கீறலா, இரண்டா, எதைக் கொண்டு பொருத்துவார்கள், இதை அவர் எத்தனை முறை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் இரண்டாவது கருத்துக்குப் போகலாம்.

அறுவைக்கு முன் சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், புகை நிற்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் இரண்டு நாள் தானாக நிறுத்தினால் கைக்காகப் போய் இதயத்தை இழக்க நேரும். இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைப் பாதுகாப்பு தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் தொடங்கியது. உங்கள் சிகிச்சை அதன் பட்டியலில் வருகிறதா என்று அனுமதிக்கும் முன்பே மருத்துவமனையின் திட்ட மேசையில் கேட்டுவிடுங்கள்.

தைத்தபின் ஓரிரு வாரம் தாங்கு கட்டு. பிறகு மெல்ல அசைவு. ஆறு வாரம்வரை அந்தக் கையால் காப்பித் தம்ளருக்கு மேல் கனம் எதுவும் வேண்டாம். பலப் பயிற்சி அதன்பிறகு, சாதாரண வேலை மூன்று மாதத்தை ஒட்டி, பாரம் தூக்க நான்கு முதல் ஆறு மாதம். அவரவர் அறுவை மருத்துவர் சொல்லும் கணக்கு இதிலிருந்து மாறினால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். உள்ளே தசைநாண் எவ்வளவு நைந்திருந்தது என்று பார்த்தவர் அவர்தான்.

திரும்பி வேலைக்கு

வாளியை உடலை ஒட்டிப் பிடியுங்கள், பாதி நிரப்பி இருமுறை போங்கள். லோக்கலில் மேல் கைப்பிடியில் தொங்காமல் இடுப்பு உயரக் கம்பியைப் பிடியுங்கள். கூட்டம் தள்ளும்போது தலைக்கு மேலே உயர்ந்த கைதான் முதலில் இழுபடும். தோளில் மாட்டும் பை அடிபட்ட பக்கம் வேண்டாம். மறு தோளையும் கவனியுங்கள்: ஒரு பக்கம் நைந்தவருக்கு மறு பக்கம் புதுக் கயிறாக இருக்க வாய்ப்பு குறைவு. இரவில் எழுப்பும் வலி, கையைத் தூக்கும் பலத்தில் புதிதாக வந்த குறைவு, விரல் மரப்பு ஏதாவது தொடங்கினால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் வந்துவிடுங்கள்.

அண்ணாச்சிக்கு உறை ஓரளவு தேய்ந்திருந்தது, கிழியவில்லை. பத்து வாரம் பயிற்சி செய்தார். இப்போது ஒரே குண்டானில் அள்ளாமல் மாவைச் சின்னத் தூக்குகளில் பிரித்து, மருமகளும் அவருமாகத் தூக்குகிறார்கள். உருண்டை அங்கேயேதான் இருக்கிறது. பேரன் தன் நண்பர்களை அழைத்து வந்து, "தாத்தா, கையை மடக்கு" என்று கேட்கிறானாம். இவரும் மடக்கிக் காட்டுகிறார்.